வெள்ளம் சிறப்பிதழ்

கவிஞர்களை நான் நம்புவதில்லை. ஒரு கவிஞரைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவள் என்ற தகுதியில்தான் இதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பசியே அறியாத பரம்பொருளைப் பற்றி உருகி உருகி ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, அவியல் இறக்கியாச்சா என்று அடுக்களையை எட்டி எட்டிப் பார்த்தார். அன்றைக்கே எனக்குத் தெளிந்துவிட்டது. எழுதுவது ஒன்று, நினைப்பது இன்னொன்று. அதனால் கவிதை என்று தபாலில் எது வந்தாலும் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

அவர் தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார், சந்தோஷத்துக்கு ஒரு கவிதைப் பத்திரிகை நடத்தினார். மாதப் பத்திரிகை என்று அட்டையில் போட்டிருக்கும். எந்த மாதம் வரும் என்பது கோட்டாற்று அச்சாபீஸ்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வோர் இதழுக்கும் ஒரு தலைப்புக் கொடுத்து, அதில் எழுதி அனுப்பும்படி கவிஞர்களை அழைப்பார். 'உழவு' என்று கேட்டால், மாட்டை வண்டியில் மட்டுமே பார்த்தவன்கூட ஏர் பிடித்து எழுதி அனுப்பினான். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸில் எழுதுவது மலையாளம். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமும் நடந்துகொண்டிருந்தன. தமிழ் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னாலே போலீஸ்காரன் திரும்பிப் பார்ப்பான். பக்கத்து ஊர்த் தமிழ் வாத்தியார் ஒருவர் கூட்டத்தில் பேசினார் என்று யாரோ போட்டுக்கொடுக்க, அவரை வடக்கே தமிழ் வாடையே இல்லாத ஓர் ஊருக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். அங்கே போய் அவர் யாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார்? வேலையை விட்டுவிட்டு வந்து, தோவாளைப் பூச்சந்தையில் கூடை தூக்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கூடை எங்கள் வீட்டுக்காரர் தலையில் இருப்பதுபோலத் தோன்றும். எங்கள் வீட்டில் மாமனார் பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். அவரை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரரை வடக்கே மாற்றினால் நாங்கள் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. எனக்கு இருந்தது அந்த ஒரு பயம்தான். மற்ற சந்தேகமெல்லாம் அதற்குப் பிறந்த பிள்ளைகள்.

நான் சந்தேகப்படாத ஒரே ஆள் பத்திரிகைக்குத் துணையாக இருந்த தம்பி. கூடப் பிறந்தவரில்லை, மதுரைப் பக்கத்துப் பையன். அதே பள்ளிக்கூடத்தில் தற்காலிகத் தமிழ் வாத்தியார். எப்போது வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தார். ஊரில் தனியாகத் தங்கியிருந்ததால் சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வந்து, மெய்ப்புத் திருத்தி, சாப்பிட்டுவிட்டுப் போவார். மாமனாரைப் புரட்டிப் படுக்க வைக்க எனக்கு ஒற்றைக் கை போதாது. எத்தனையோ நாள் தோள் கொடுத்தது அந்தத் தம்பிதான். முகம் சுளிக்காமல் செய்வார். அப்படிச் செய்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அவர் முதல்முதலாக வந்த அன்று வெயிலில் நடந்து வந்து வேர்த்து நின்றார். எங்கள் ஊர் வழக்கப்படி, "தம்பி, வெள்ளம் வேணுமா?" என்று கேட்டேன். எங்களுக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம், கஞ்சியில் மிஞ்சுவதும் வெள்ளம். அந்தத் தம்பி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அர்த்தம் புரிந்து, "வெள்ளமா? ஐயையோ மதினி, எனக்கு நீச்சல் தெரியாதே!" என்றார். வீடே சிரித்தது. வாய் கோணிப்போன மாமனார்கூட சிரித்தார். அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. வந்ததும் நான் வெள்ளம் வேணுமா என்பேன், அவர் நீச்சல் தெரியாதே என்பார், எங்கள் வீட்டுக்காரர் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

அந்த வருஷம் ஆடியில் மழை ஏமாற்றிவிட்டது. பேச்சிப்பாறைத் தண்ணீர் மேல்வயல்களோடு நின்றுபோக, எங்கள் வயல் இருந்த கடைமடையில் முதல் போகமான கன்னிப்பூப் பயிர் கருகிக்கொண்டிருந்தது. மடை திறக்கிற சண்டையில் வேட்டி கிழிந்து வந்த எங்கள் வீட்டுக்காரர், கிழிசலைக்கூடக் கவனிக்காமல் சொன்னார்.

"ஏட்டி, வெள்ளம் இல்லாட்டா இந்த நாட்டுல ஒண்ணும் இல்ல, கேட்டியா. அடுத்த இதழுக்கு அதுதான் தலைப்பு."

"பாட்டு எழுதுனா மடையில வெள்ளம் வந்துருமா?"

"உனக்கு எல்லாம் கிண்டல்தான்."

அந்த இதழின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி அறிவிப்புப் போட்டார். அடுத்த இதழ் 'வெள்ளம்' சிறப்பிதழ் என்றும், கவிஞர்கள் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்ப வேண்டும் என்றும், மரபானாலும் சரி, புதுமையானாலும் சரி, பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்றும், திரும்பி வேண்டுபவர்கள் தபால்தலை வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தம்பிதான் மெய்ப்புப் பார்த்தார். "வெள்ளம்! பிரமாதமான தலைப்பு அண்ணே. அணை உடைஞ்ச மாதிரி கவிதை வந்து கொட்டப் போகுது பாருங்க" என்றார். எங்கள் வீட்டுக்காரர் மகிழ்ந்துபோனார். காய்ந்து கிடக்கிற வயலுக்கு அணை திறந்தால் நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். அணை உடைவது பற்றி நான் நினைக்கவில்லை.

கவிதைகள் வர ஆரம்பித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. முதல் உறை மதுரையிலிருந்து. பொங்கி வரும் வெள்ளமே, கரை உடைத்துப் புறப்படு என்று தொடங்கி, கோட்டை கொத்தளங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்தது திருச்சியிலிருந்து. அதில் வெள்ளம் அரியணையையே புரட்டிப் போட்டது. அதற்கடுத்ததில் ஆற்றில் கதவுகளும், மாடுகளும், ஆட்சியாளர்களும் மிதந்து போனார்கள். எங்கள் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது குடிக்கிற வெள்ளம், வெளியூர்க் கவிஞர்கள் அனுப்பியது ஊரை அழிக்கிற வெள்ளம்.

அவர் வித்துவான் பரீட்சை எழுதியவர். வெள்ளம் என்பதற்குப் பெருக்கு என்றும் பொருள் உண்டு என்பது தெரியாதவரில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அடுக்களையில் கேட்ட சொல்லுக்கு யார் அகராதி பார்க்கிறார்கள்?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரை உடை, கோட்டையை இடி, அரியணையைப் புரட்டு என்று கட்டுக்கட்டாகக் காகிதம் ஒரு சர்க்கார் வாத்தியார் வீட்டில் கிடக்கிறது. ஊரில் போலீஸ் எதைத் தேடிக்கொண்டிருந்ததோ அதை இவர் தலைப்புக் கொடுத்து, தபால்தலை வைக்கச் சொல்லி வரவழைத்திருக்கிறார்! வெளியூரிலிருந்து வந்த உறைகளை எல்லாம் அவருக்குத் தெரியாமல் நெல் பத்தாயத்துக்குள் போட்டு மூடினேன். அந்த வருஷம் பத்தாயத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

பிறகு நான் யாரையும் விட்டு வைக்கவில்லை. அச்சாபீஸ்காரர் எழுத்துக் கோக்கும்முன் ஒவ்வொரு கவிதையையும் வாய்விட்டுப் படிப்பார். எதற்காகப் படிக்கிறார், யார் காதில் விழ? தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டு, பிரிக்கிற வரைக்கும் முற்றத்தில் நின்றார். அவருக்கு என்ன அக்கறை? எங்கள் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார்.

"உனக்குக் காக்கா கத்துனாலும் சந்தேகமாட்டீ?"

"எந்தக் காக்கா, எந்த நேரத்துல, யாரு வீட்டு ஓட்டுல இருந்து கத்துகுன்னு பாக்கண்டாமா?"

ஒருநாள் குடை வைத்திருந்த ஓர் ஆள் தெருவில் முன்னும் பின்னும் நடந்தான். மழையும் இல்லை, வெயிலும் சாய்ந்துவிட்டது. குடை எதற்கு? நேராக என்னிடம் வந்து, பத்திரிகை நடத்துகிற வாத்தியார் வீடு இதுதானா என்று கேட்டான். இந்தத் தெருவில் வாத்தியாரே கிடையாது என்று சொல்லிவிட்டேன். உள்ளே எங்கள் வீட்டுக்காரர் யாப்பு விளக்கம் சொல்லும் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டு நின்றுவிட்டு, குடையை மெள்ள விரித்தான். மடிப்புக்குள்ளிருந்து ஒரு காகிதம் விழுந்தது. குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் எழுத்து வேலை பார்ப்பவனாம். கவிதை கொண்டுவந்திருந்தான்.

"தபால்ல போடப்படாதா?" என்றேன்.

"தபால நம்புகதுக்கு இல்ல அக்கா. இடையில யாராம் படிச்சிருவான்."

அந்த ஒரு கவிஞன்மேல் எனக்கு மரியாதை வந்தது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவன் கவிதையில் கிணற்றடியில் காலிக் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். கயிறு போதவில்லை, வெள்ளம் எட்டவில்லை. எங்கள் பக்கத்து ஆள், அதனால் தலைப்பு சரியாகப் புரிந்திருந்தது.

ஓணம் முடிந்து ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திருவனந்தபுரத்து மனிதர், வெள்ளை ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி. எங்கள் வீட்டுக்காரர் மேல்துண்டைத் தேடி எடுக்கப் பட்ட பாட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பூக்கூடை கண்முன்னால் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொறச்சு வெள்ளம் கிட்டுமோ?" என்றார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து முழுதும் குடித்தார். அதற்குப் பிறகுதான் பேச்சுக்கு வந்தார். பாதி மலையாளம், பாதி தமிழ். மாஷ், அதாவது எங்கள் வாத்தியார், பிரளயத்தைப் பற்றிக் கவிதை எழுத ஆட்களை விளிக்கிறார் என்று கேள்விப்பட்டாராம். பிரளயம் வரும், அணை உடையும், சர்க்கார் அதில் போகும் என்று எழுதச் சொல்கிறாராம். இந்தச் சமயத்தில் இப்படி ஒரு பிரளயம் எதற்கு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்று, வகுப்பில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, "வெள்ளம் என்பது பலபொருள் ஒருமொழி. நீர் என்பது ஒன்று. அதுவல்லாமல்..." என்று ஆரம்பித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையிலும் பாதியில் நிறுத்தத் தெரியாது. அடுத்த வாயில் பெருக்கு வரும், அதற்கு மேற்கோள் வரும், மேற்கோள் முடிவதற்குள் வேலை போகும்.

"மாமா கூப்பிடுகாங்க, போய்ப் பாருங்க" என்றேன்.

"கூப்பிட்ட மாதிரி இல்லியே."

"கூப்பிட்டாங்க. போங்க."

அவர் போனதும் நான் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். "சார், நீங்க இப்ப என்ன கேட்டு வாங்கிக் குடிச்சிய?"

"வெள்ளம்."

"அதுதான் சார் தலைப்பு." பத்திரிகையை விரித்து அறிவிப்பைக் காட்டினேன். "கடைமடையில வெள்ளம் இல்லாம பயிரு கருகுகு. அந்த வருத்தத்துல போட்டது. இங்க எந்தப் பிரளயமும் இல்ல. பிரளயம் வந்தாலாவது வயலு நனையும்."

அவர் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டினார். வெ, ள், ள, ம். பிறகு காலிச் செம்பைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "இது நம்முடெ வெள்ளம் அல்லே!" குலசேகரத்துக்காரனின் கவிதையை எடுத்துக் கொடுத்தேன். குடமும் கிணறும் அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தாயம் கையெட்டும் தூரம். அதன்மேல் சாய்ந்து நின்றுதான் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

எழுந்தவர் வாசலில் நின்று, தமக்குத்தாமே கேட்பதுபோல, "பின்னெ அயாள் எந்தினு பிரளயம் எந்நு பறஞ்ஞு?" என்றார். அப்படியானால் அந்த ஆள் ஏன் பிரளயம் என்று சொன்னான்?

"யாரு சார்?"

அதைச் சொல்ல முடியாது என்று கையை ஆட்டினார். இந்த அறிவிப்பு அச்சாகி வந்த அந்த வாரமே ஒருவர் வந்து சொன்னதாகவும், ஓண நெருக்கடியில் வர முடியாமல் போனதாகவும் மட்டும் சொல்லிவிட்டு, இனி தலைப்பைக் கொஞ்சம் பார்த்து வைக்கும்படி மாஷிடம் சொல்லச் சொல்லிப் போய்விட்டார்.

வேலை தப்பியது. எங்கள் வீட்டுக்காரர் மாமனார் கட்டிலருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அடுக்களையில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அறிவிப்பு வந்த வாரமே சொன்னானாம். அப்போது வெளியூர்க் கவிதை ஒன்றுகூட வரவில்லை. கரை உடைப்பும் கோட்டை இடிப்பும் எங்களுக்கே தெரியாது. அச்சாபீஸ்காரர் கோட்டாறு, தபால்காரர் எங்கள் ஊர். இவர்கள் யாராவது காட்டிக்கொடுக்கப் போயிருந்தால், வெள்ளம் என்பதை இன்ஸ்பெக்டரிடம் வெள்ளம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மலையாளத்திலும் தண்ணீர் வெள்ளம்தான், ஊரை அழிக்கிற பெருக்குத்தான் பிரளயம். அதைப் போய்ப் பிரளயம் என்று மாற்றிச் சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லைக் கேட்டதும் மூழ்கிப்போவதை நினைக்கிற ஆளாக இருக்க வேண்டும்.

எனக்கு நீச்சல் தெரியாதே என்ற சத்தம் காதில் கேட்டது.

அடுப்பில் உலை பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வடக்கே போனால் பள்ளிக்கூடத்தில் அவர் நாற்காலி யாருக்கு? மாமனாரைத் தூக்கித் தூக்கிப் படுக்க வைத்த தோள் அது. அவரை விட்டுவிட்டு எங்களால் எங்கும் போக முடியாது என்பது இந்த உலகத்தில் அந்தத் தோளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பாதது மட்டுமில்லை, என்மேல் கோபப்பட்டார்.

"வெளியூர்ச் சந்தாதாரன் எவனாம் சொல்லியிருப்பான்."

"மதுரையில இருக்கப்பட்டவன் பத்திரிகையப் படிச்சிட்டு, பஸ் ஏறி வந்து, மலையாள இன்ஸ்பெக்டர் வீட்ட விசாரிச்சுக் கண்டுபிடிச்சுச் சொன்னானாக்கும்?"

"அந்தப் பய நம்ம வீட்டுச் சோத்தத் திங்கான். நீ இப்படி ஒரு வார்த்த சொல்லப்பிடாதுட்டீ."

"நான் ஒண்ணும் சொல்லல்ல. சாயங்காலம் வருவார்லா, எப்பவும் கேக்கதக் கேக்கேன். அவ்வளவுதான்."

சாயங்காலம் தம்பி வந்தார். வயல் வரப்பில் வெயிலோடு நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாயில் உட்கார்ந்து மெய்ப்புத் தாளைக் கையில் எடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் சந்தேகம் பொய்யாகிவிட வேண்டும் என்று என்னைவிட அவருக்கு ஆசை.

நான் காலையில் இன்ஸ்பெக்டர் குடித்த அதே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வந்திருந்தார் தம்பி" என்றேன். "நல்ல மனுஷன். வெள்ளம் கேட்டார், குடுத்தேன். குடிச்சிட்டுச் சிரிச்சிக்கிட்டே போனார்."

தம்பி தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

செம்பை நீட்டினேன். "ஒங்களுக்கும் வெள்ளம் வேணுமா?"

கட்டிலில் மாமனார் வழக்கமான சிரிப்புக்காகத் தலையைத் திருப்பினார். எங்கள் வீட்டுக்காரர் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கெஞ்சல் பார்வையை நான் அவரிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தம்பியின் நெற்றி வேர்வை தாளில் சொட்டி ஓர் எழுத்து கலங்கியது.

"தாகமில்ல மதினி" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர்தான், பள்ளிக்கூடத்தில் பாட்டு மறந்து நிற்கிற பிள்ளைக்கு அடி எடுத்துக் கொடுப்பதுபோல, "அவனுக்கு... அவனுக்கு நீச்சல் தெரியாதுட்டீ" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. பிறகு கையை நீட்டி என்னிடமிருந்து செம்பை வாங்கி, எதிரே இருந்த முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக அண்ணாந்து, அவ்வளவு தண்ணீரையும் அவரே குடித்தார்.